இரும்புக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?

"இரும்பை அணு அணுவாக ஆராய்வதற்குப் பணம் செலவழிக்க வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும் என்பதே நம் கட்சி.

கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகிறது. அந்தச் சூடு மின்சாரத்துக்கு நஷ்டம். கல்வராயன் மலைக்கு ஏறும் கம்பியிலும் இந்த நஷ்டம் உண்டு.

ஆனால் சில பொருள்களைக் கடுங்குளிரில் வைத்தால், மின்சாரம் துளியும் நஷ்டமில்லாமல் ஓடும்! இவை 'மீக்கடத்திகள்'. ஹாலந்து விஞ்ஞானி காமர்லிங் ஓன்னஸ் 1911-ம் ஆண்டில் பாதரசத்தில் இதைக் கண்டார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் உடம்புக்குள் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. எந்திரங்களில் பெரும்பாலும் இந்த வகைக் கம்பிச் சுருளே இருக்கிறது.

பகையாளி இரும்பு

காந்தம் மீக்கடத்திக்குப் பகை. இரும்போ காந்தத்துக்கு உறவு. ஆகவே, "இரும்பு இதற்கு உதவாது" என்று பலர் ஒதுக்கினார்கள்.

2008-ல் ஜப்பான் விஞ்ஞானி ஹிடியோ ஹோசோனோவின் குழு அதைப் பொய்யாக்கியது. இரும்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த ஒரு பொருள், பூஜ்யத்துக்குக் கீழே 247 டிகிரி குளிரில் மீக்கடத்தி ஆயிற்று. எப்படி?

இடத்துக்கு இடம்

கள்ளக்குறிச்சியில் பெய்த மழையை அளந்து, மலை மேல் வெள்ளிமலையில் பெய்த மழையைச் சொல்ல முடியுமா? முடியாது. இந்தப் பொருளும் அப்படித்தான். ஓர் அணு குறைந்தாலும், வேறு அணு புகுந்தாலும், மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்களின் போக்கு அந்த இடத்தில் மாறிவிடுகிறது. மொத்தமாக அளந்தால் சராசரிதான் தெரியும்.

இடம் இடமாகப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. கூரிய ஊசி முனையைப் பொருளின் மேல் படாமல் நகர்த்தி, இடைவெளியில் பாயும் சிறு மின்சாரத்தை அது அளக்கும். 1981-ல் இதை உருவாக்கிய பின்னிக், ரோரர் இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரும்பும் செலினியமும் சேர்ந்த பொருளுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 265 டிகிரி குளிர் தேவை. 2012-ல் சீன விஞ்ஞானிகள் அதன் ஒரே அடுக்கை வேறொரு படிகத்தின் மேல் படியவைத்து, ஊசி கொண்டு பார்த்தார்கள். அவ்வளவு குளிர் இல்லாமலே மீக்கடத்தி ஆகும் அறிகுறி தெரிந்தது! இரும்பு அதே இரும்பு. இருந்த இடம்தான் வேறு.

நாளைக்கே மலைக்கு நஷ்டமில்லாத கம்பி வந்துவிடாது. குளிரவைக்கவே பெருஞ்செலவு. ஆனால் எந்த இடம் உதவுகிறது, எந்த இடம் கெடுக்கிறது என்று தெரியாமல் நல்ல கம்பி செய்வது எப்படி?

விதைநெல்லை நஷ்டக் கணக்கில் எழுதும் விவசாயி உண்டா?