இணைப்புப் பிழைக்கு ரூட் உரிமையா விலை?

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட்-டி என்ற ஒற்றை டீமனின் காலம் முடிகிறது. ஃபெடோரா 2021-இல் வந்த 35-ஆம் பதிப்பிலேயே பிரிக்கப்பட்ட டீமன்களுக்கு மாறிவிட்டது. அடுத்த ஆண்டு ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 அதே வழியில் வந்து, ஒற்றை டீமனைக் கைவிடப்படுபவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. 8-ஆம் பதிப்பின் பராமரிப்பு 2029 மே மாதத்தோடு முடிவதால், இதுவரை தள்ளிப்போட்டவர்களும் மாறித்தான் ஆகவேண்டும். இந்த முடிவை வரவேற்கிறோம். ஒரு டிரைவரின் சிக்கல் எல்லாவற்றையும் முடக்கும் பழைய அமைப்பை யாரும் தேடப்போவதில்லை.

ஆனால் மாற்றத்தின் சுமை நிர்வாகிகளின் தலையில்தான் விழுந்திருக்கிறது. 9-ஐப் புதிதாக நிறுவினால் பிரிக்கப்பட்ட டீமன்கள் வரும். 8-லிருந்து மேம்படுத்தி வந்தால் லிப்வர்ட்-டி அப்படியே நீடிக்கும். ஒரே அறையில், ஒரே பதிப்பெண்ணோடு, இரண்டு வகைச் சர்வர்கள். புதிய அமைப்பில் கியூஇமு, நெட்வொர்க், ஸ்டோரேஜ், நோட்டெவ், என்டபிள்யூஃபில்டர், சீக்ரெட், இன்டர்ஃபேஸ் என 7 டிரைவர்கள். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான சாக்கெட், படிக்க மட்டுமான சாக்கெட், அட்மின் சாக்கெட் என்று மூன்று. ஆக 21 யூனிட்டுகள். கியூஇமுவுக்கு மட்டும் சாக்கெட்டை இயக்கிவிட்டு மற்றதை மறந்தால், மெய்நிகர் கணினிகளின் பட்டியல் ஒழுங்காக வரும். ‘டீஃபால்ட்’ நெட்வொர்க்கைத் தொட்டவுடன் ‘சாக்கெட் கோப்பு இல்லை’ என்று பிழை எழும். பிழைச் செய்தியில் வரும் பாதையின் கடைசிப் பெயரைப் படித்தாலே எந்த டீமன் என்று தெரிந்துவிடும். அவசரத்தில் பலர் அதைப் படிப்பதில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. இந்த டீமன்கள் 120 விநாடி வேலையில்லாமல் இருந்தால் தாமாகவே நின்றுவிடும். அடுத்த இணைப்பு வரும்போது சிஸ்டம்-டி எழுப்பிவிடும். எனவே சர்வீஸின் நிலையைக் கேட்டால் ‘இனாக்டிவ், டெட்’ என்று வருவது நோயல்ல. பார்க்கவேண்டியது சாக்கெட்டின் நிலையை. இது தெரியாமல் பழைய லிப்வர்ட்-டியை மேலே கிளப்பிவிடுபவர்கள், ஒரே டிரைவருக்கு இரண்டு எஜமானர்களை நியமிக்கிறார்கள்.

இவையெல்லாம் அரை மணி நேரத்தில் தீரும் தொல்லைகள். எங்கள் கவலை அனுமதி மறுப்புப் பிழையைப் பற்றியது. விர்ட்-மேனேஜரை எஸ்எஸ்ஹெச் வழியாக இணைக்கும்போது ‘போல்கிட் ஏஜென்ட் இல்லை’ என்று வரும் செய்தி உங்களுக்குப் பழக்கமானதுதான். அதற்கு ஊரெல்லாம் சொல்லும் வைத்தியம் என்ன? சாக்கெட்டுக்குச் சிஹெச்மோட் போடு என்பார்கள். போல்கிட் உள்ள ரெட் ஹாட் வழி அமைப்புகளில் அந்தச் சாக்கெட் ஏற்கெனவே 0666. அங்கே காவல் காப்பது கோப்பு அனுமதி அல்ல, போல்கிட். அமைப்புக் கோப்பில் யூனிக்ஸ்_சாக்_குரூப்பை மாற்று என்பார்கள். சாக்கெட்டைச் சிஸ்டம்-டி திறக்கும்போது அந்த வரியை டீமன் பொருட்படுத்துவதே இல்லை. இரண்டும் பலிக்காமல் போனபின் மூன்றாவதாக வருகிறது ஆத்_யூனிக்ஸ்_ஆர்டபிள்யூ என்பதற்கு ‘நன்’ என்று எழுதும் யோசனை. பிழை உடனே மறைகிறது, கூடவே காவலும் போகிறது. 0666 சாக்கெட், சரிபார்ப்பு கிடையாது: அந்தச் சர்வரில் கணக்குள்ள எவரும் ரூட்டுக்குச் சமம்.

இது மிகையல்ல. ஹோஸ்ட்டின் வட்டையே ஒரு புது மெய்நிகர் கணினிக்கு டிஸ்க்காகக் கொடுத்து, உள்ளே அதை மவுன்ட் செய்தால் ஷேடோ கோப்பு கையில். ஒருவரை லிப்வர்ட் குழுவில் சேர்ப்பதும் இதே அதிகாரத்தைத் தருவதுதான். அதைக் கடவுச்சொல் கூடக் கேட்காமல் தருகிறது. ஆனாலும் ஒரு பயிற்சி ஊழியருக்கு சூடோ தர மறுக்கும் அதே நிறுவனம், ‘இணைப்பு வரவில்லை’ என்றவுடன் அவரை அந்தக் குழுவில் சேர்த்துவிடுகிறது.

இதற்கு நிர்வாகிகளை மட்டும் குறைசொல்ல மாட்டோம். டிஸ்ட்ரோ தயாரிப்பாளர்கள் அடித்தளத்தையே மாற்றிவிட்டு, அனுமதிப் பிழையின் அடியில் ‘இந்தக் குழுவில் சேர்வது ரூட் பெறுவதற்குச் சமம்’ என்று ஒரு வரி எழுத மனமில்லாமல் இருக்கிறார்கள். பயிற்சி நிலையங்கள் குழுவில் சேர்க்கும் கட்டளையை நிறுவலின் முதல் படியாகவே மனப்பாடம் செய்ய வைக்கின்றன. தணிக்கைக்கு வருபவர்கள் சூடோயர்ஸ் கோப்பைக் கேட்கிறார்கள், வீல் குழுவைக் கேட்கிறார்கள், கடவுச்சொல்லின் நீளத்தை அளக்கிறார்கள். லிப்வர்ட் குழுவில் யார் யார் என்று கேட்ட தணிக்கையாளரை இந்த இதழ் இன்னும் சந்திக்கவில்லை. பல ஆண்டுகளாக இதை எழுதிவருகிறோம். படிவங்கள் மாறுகின்றன, இந்தக் கேள்வி மட்டும் அவற்றில் ஏறுவதில்லை. ஏற்றவேண்டியவர்களுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல.

வழி இருக்கிறது. சோதனைக்கு ஒரு மெய்நிகர் கணினி மட்டும் வேண்டும் என்பவருக்கு கியூஇமு செஷன் இணைப்பு போதும். அது அவருடைய சொந்த உரிமையில் இயங்கும். பிரிட்ஜ் நெட்வொர்க் எளிதில் கிடைக்காது என்பது உண்மை. அந்த வசதிக்காக ஹோஸ்ட்டையே தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. பொது மெய்நிகர் கணினிகளைக் கிளப்பவும் நிறுத்தவும் மட்டும் வேண்டியவருக்கு, ஆக்சஸ்_டிரைவர்ஸ் என்பதில் போல்கிட்டை இயக்கி, செயல்வாரியாக விதி எழுதலாம். வேலை அதிகம்தான். அந்த வேலைக்குத்தான் நமக்குச் சம்பளம்.

மேம்பாட்டைத் தொடங்குவதற்கு முன், உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் லிப்வர்ட் குழுவின் பெயர்ப் பட்டியலை எடுங்கள். லிப்வர்ட்-டி, கியூஇமுவின் டீமனான வர்ட்-கியூஇமு-டி ஆகிய இரண்டின் அமைப்புக் கோப்புகளிலும் ஆத்_யூனிக்ஸ்_ஆர்டபிள்யூ வரியைத் தேடுங்கள். அங்கே ‘நன்’ என்று இருந்தால், மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் அதை எடுத்துவிடுங்கள்.