பழைய சுங்கம்



இம்மாதம் உங்களைத் தூரத்துக் கடற்கரை ஒன்றுக்குக் கூட்டிப் போகிறேன். நானும் அங்கே போனதில்லை. தேசப்படத்தில் விரலை வைத்துத்தான் போய் வந்தேன். ஊரின் பெயர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது: வாமா வெக்கே. ருமேனிய மொழியில் 'பழைய சுங்கம்' என்று பொருள். சுங்கத்திலே பழையது, புதியது என்று இருக்கிறதா? அதைத் தேடப் போய்த்தான் மிச்சமெல்லாம் அறிந்தேன்.

ருமேனியாவின் தென்கிழக்கு மூலையில், கருங்கடலோரமாக லிமானு என்ற கிராமப் பிரிவு இருக்கிறது. லிமானு, டொய் மாய், ஹாஜியென், வாமா வெக்கே என்று நான்கு கிராமங்கள் சேர்ந்தது. சனத்தொகை ஏறக்குறைய ஐயாயிரம். வடக்கே மங்காலியா நகரம், தெற்கே பல்கேரிய எல்லை. ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் புகுந்து, பின்பு மணல்திட்டு வாயை அடைத்ததால் உண்டாகும் நீண்ட ஏரியை அங்கே 'லிமான்' என்பார்கள். ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான். மழை குறைந்த பூமி. கோதுமையும் சூரியகாந்தியும் விளையும். ஹாஜியென் பக்கம் காடு; அங்கே தரை ஆமைகள் உண்டு. டொய் மாய் என்றால் 'மே 2'. திகதியை ஊருக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்!

சனங்களும் பலவகை. ருமேனியர், தாத்தாரியர், ரஷ்ய வழிவந்த லிப்போவன்கள். வாமா வெக்கேயை 1811 இல் உண்டாக்கியவர்கள் ககாவுஸ் குடும்பங்கள். அவர்கள் பேசுவது துருக்கிய வகை மொழி, கும்பிடுவது கிறிஸ்துவை.

இனிச் சுங்கத்தின் கதைக்கு வருகிறேன். 1870 இல் அந்த ஊரில் ஒரு பெண் பிறந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது அவள் துருக்கிய சுல்தானின் குடி. எட்டு வயதில், 1878 இல், ஊர் ருமேனியாவுக்குப் போகிறது. வாசலுக்குத் தெற்கே எல்லை, அங்கே சுங்கச்சாவடி. நாற்பத்து மூன்றாவது வயதில், 1913 இல், பல்கேரியாவிடமிருந்து தெற்கு டொப்ருஜாவை ருமேனியா எடுத்துக்கொள்ள, எல்லை தெற்கே வெகுதூரம் நகர்கிறது. அப்போதுதான் ஊருக்குப் 'பழைய சுங்கம்' என்ற பெயர் வருகிறது. எழுபது வயதில், 1940 செப்டம்பரில், கிரயோவா நகரில் ஓர் உடன்படிக்கை. தெற்கு டொப்ருஜா திரும்பவும் பல்கேரியாவுக்கு. எல்லை பழையபடி அவள் வாசலுக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் அவள் படலையைத் தாண்டவில்லை.

ஆனால் மற்றவர்கள் தாண்ட வேண்டியிருந்தது. அந்த உடன்படிக்கையில் சனங்களை மாற்றிக்கொள்ளவும் கையெழுத்திட்டார்கள். தெற்கிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் ருமேனியர் வடக்கே வரவேண்டும். வடக்கிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பல்கேரியர் தெற்கே போகவேண்டும். விருப்பம் கேட்கவில்லை. சில மாதங்கள்தான் தவணை. எதை வண்டியில் ஏற்றுவது, எதை விட்டுப்போவது என்று வீட்டுக்குள் நின்று யோசித்த பெண்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சனத்தொகைக் கணக்குகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் உறுத்துகிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுதுவார்கள். யாருடைய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அதில் இராது.

கம்யூனிச ஆட்சிக் காலத்தில் வடக்கே கரை நெடுகப் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. எல்லையோரம் என்பதால் வாமா வெக்கே அப்படியே கிடந்தது. எழுத்தாளர்களும் ஓவியர்களும் டொய் மாய்க்கு வந்து, ஊரவர் வீடுகளிலேயே அறை எடுத்துத் தங்கினார்கள். கோடையில் அறையை வாடகைக்குக் கொடுப்பது அங்கே இன்றைக்கும் ஒரு வருமானம். குளிர்காலத்தில் கடற்காற்று அடிக்கும்போது ஊர் வெறிச்சோடிவிடும்.

2007 இல் ருமேனியாவும் பல்கேரியாவும் ஒன்றாக ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2025 ஜனவரி 1 முதல் அவற்றுக்கிடையிலான தரை எல்லையில் வழமையான கடவுச்சீட்டுச் சோதனையும் நின்றுபோனது. வாமா வெக்கேயிலிருந்து தெற்கே வெளிக்கிட்டால் பல்கேரியாவின் துராங்குலாக் கிராமம். நடுவில் அந்தச் சாவடி.