அரண்மனை அனுமதித்த குப்பாயம்

தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் மேல்துணியால் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859இல் வெற்றியில் முடிந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் பிறப்பித்த பிரகடனம் சொல்வதைக் கவனித்தால் அந்த நிம்மதி கலையும். சாணார் சாதிப் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம். முரட்டுத் துணியை மீனவரான முக்குவப் பெண்களைப் போலச் சுற்றிக்கட்டலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. துணியின் முரட்டுத்தனம்வரை அரண்மனை யோசித்திருக்கிறது! அதற்கு முன்னால் நடந்தது இன்னும் மோசம். திவானாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் கிறிஸ்தவரான சாணார் பெண்களுக்கு மேல்துணி அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது குப்பாயத்தோடு சுருங்கியது. 1829இல் மேல்சீலை கூடாது என்று பிரகடனமே வந்தது. கல்குளமும் இரணியலும் கலவரத்தில் எரிந்து, மதராஸ் கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகுதான் 1859 வந்தது. நாற்காலியில் இருப்பவரின் மனம் மாறும்போதெல்லாம் ஒரு பெண்ணின் உடையும் மாறியது.

அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் 13ஆவது பிரிவு, அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது. சட்டம் என்பதில் அரசாணை மட்டுமல்ல, சட்டமாகவே நடப்பில் இருக்கும் வழக்கமும் அடங்கும் என்றும் அதுவே விளக்குகிறது. தென் திருவிதாங்கூரில் பெண்களின் துணியைக் கிழித்தவர்கள் சொன்ன நியாயம், காலங்காலமான வழக்கம் என்பதுதான். அந்த நியாயத்தின் வேரையே 1950இன் அரசியலமைப்பு வெட்டியது.

ராஜா காலம் போய்விட்டது, நாம் ஓட்டுப்போட்ட அரசுக்கு எதற்கு இத்தனை கடிவாளம் என்று கேட்பவர்கள் உண்டு. நெருக்கடி நிலையை நடத்தியதும் நாம் ஓட்டுப்போட்ட அரசுதான். 1976இல், விசாரணையின்றிச் சிறையில் கிடப்பவர் உயிருக்காகக்கூட நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். பெரும்பான்மையின் பிழை 2017இல்தான் முறைப்படி துடைக்கப்பட்டது.

ஏட்டில் இருந்தால் போதுமா, 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் அது ஒழியவில்லையே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. உண்மைதான், சட்டம் மனத்தைத் திருத்திவிடாது. ஆனால் அன்று மேல்சீலை உடுத்தியவள் குற்றவாளி. இன்று அதைப் பறிப்பவன் குற்றவாளி. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் உயர் நீதிமன்றம்வரை போக வழியுண்டு என்பதும் சின்ன விஷயமல்ல. அந்த வழி செலவு பிடித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கும்வரை, அந்தப் போராட்டம் நடந்த குமரி மாவட்டத்துக்காரர் ரிட் மனுவுக்குச் சென்னைவரை போக வேண்டியிருந்தது. வழக்கறிஞர் கட்டணம் இன்றும் பலரைத் தடுக்கிறது. அதற்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள்: பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், அதற்குக் கட்டணமில்லை.