இல்லத்து விஞ்ஞானம்: கணிப்பொறி பொய் சொல்லுமா?

வண்டிப்பெரியாற்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட மடல் ஒன்று விடுத்துள்ளார். அவர்தம் தந்தையார் தோட்ட வேலையில் இருந்த நாளில் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று இல்லத்தில் பல்லாண்டுகளாக ஊமையாய்க் கிடந்ததாம். பாலக்காட்டில் பொறியியல் பயிலும் அவர் மைந்தர் விடுமுறையில் அதனைக் கையிலெடுத்தார். ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்திருக்கக் கண்டு, சுற்று முழுவதையும் கணிப்பொறியில் வரைந்து பாவனையாக ஓட்டிப் பார்த்தார். திரையில் ஒலி மிக அழகாக வந்தது. அக்கணக்கின்படியே காயில் கட்டுபவர் ஒருவரிடம் புதிய டிரான்ஸ்பார்மர் கட்டுவித்துப் பொருத்தினார். மிருதங்கத்தின் தொப்பி ஒலி கேட்கவேயில்லை. ஒலியைச் சற்றுக் கூட்டினால் கரகரப்பு. தெளிவு வேண்டிப் பின்னூட்டம் சேர்த்தாலோ ஒரே ஊளை. “கணிப்பொறி பொய் சொல்லுமா, ஐயா?” என்பது அன்பரின் வினா.

இவ்வினாவை நாம் விளையாட்டாகக் கொள்ளவில்லை. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னும் மின்கம்பி எட்டாத லயங்கள் பல இருந்தன. அங்கெல்லாம் உலர் பாட்டரியில் ஓடிய வால்வு ரேடியோக்கள் உண்டு. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியும், பின்னர் இலங்கை வானொலியும் நம் மக்களுக்குத் தமிழைக் கொண்டுவந்து சேர்த்தன. 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. வானலைகளுக்கு எந்தச் சாவடியிலும் தடை இல்லை. ஆதலின் நம்மவர் வீட்டுப் பரண்களில் கிடக்கும் அப்பெட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒருமுறை சிந்திப்பது நன்று. அவற்றுள் பல இறந்தமைக்குக் காரணம் இந்த ஒரு டிரான்ஸ்பார்மரே. மலைநாட்டு ஈரத்தில், தலைமயிரினும் மெல்லிய முதற்சுருள் கம்பி பச்சை பூத்து, எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிடுகிறது. அத்துடன் ரேடியோ மௌனமாகிறது.

இக்கருவியின் பணி யாது? வால்வு மிகுந்த அழுத்தத்தில் சிறிதளவு மின்னோட்டம் தருவது. ஒலிபெருக்கியோ சிறிய அழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டம் வேண்டுவது. மலையேறும் ஜீப்பை நினைத்துக்கொள்க. எஞ்சின் விரைந்து சுழல்கிறது. முதல் கியர் அவ்விரைவைக் குறைத்து, சக்கரத்துக்கு வலிமையாக மாற்றித் தருகிறது. இந்த டிரான்ஸ்பார்மரும் ஒரு கியர்ப் பெட்டியே. முதற்சுருளில் 25 சுற்றுக்கு இரண்டாம் சுருளில் ஒரு சுற்று என அமைந்தால், அழுத்தம் 25-இல் ஒரு பங்காகும். தடையோ 25-இன் வர்க்கமாகிய 625 மடங்காகத் தோன்றும். 8 ஓம் ஒலிபெருக்கி வால்வின் கண்ணுக்கு 5000 ஓமாகத் தெரியும். 6வி6 என்னும் வால்வு 250 வோல்ட்டில் விரும்புவது அந்த 5000 ஓமையே. அப்போதுதான் அது தன் முழுத்திறமாகிய ஏறத்தாழ 4.5 வாட்டை அளிக்கும்.

மைந்தர் பயன்படுத்திய மென்பொருளின் மூலம் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டொனால்டு பெடர்சன் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில் லாரன்ஸ் நாகல் என்பவர் ஆக்கி, 1973-இல் அது வெளிப்பட்டது. அதன் பெயர் ஸ்பைஸ். நீண்டதோர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே அவை எனினும், அச்சொல்லுக்கு நறுமணச் சரக்கு என்றே பொருள். ஏலமும் மிளகும் விளையும் மலையிலிருந்து இவ்வினா வந்தது நமக்குச் சிறிது மகிழ்ச்சியளிக்கிறது! பெடர்சன் அதனை யாவரும் இலவசமாகப் பெறவேண்டும் என்று உறுதியாய் நின்றார். இன்று மாணவர்கள் ஆளும் எல்.டி.ஸ்பைஸ், என்.ஜி.ஸ்பைஸ் ஆகியவை அதன் வழித்தோன்றல்களே. ஸ்பைஸ் வால்வுகளுக்காக எழுந்ததன்று. எனினும் மார்ஷல் லீச் 1995-இலும், நார்மன் கோரன் 1996-இலும் வால்வுகளுக்கு ஏற்ற மாதிரிகளை வெளியிட்டுவிட்டனர். ஆகவே இன்று பெரும்பாலும் இடறுவது வால்வன்று, டிரான்ஸ்பார்மரே.

ஏன்? அம்மென்பொருளில் டிரான்ஸ்பார்மர் வரைவது மிக எளிது. இரண்டு சுருள்களை இட்டு, இரண்டும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துள்ளன என்பதைக் காட்ட ஓர் எண்ணை எழுதவேண்டும். மைந்தர் அவ்விடத்தில் 1 என எழுதியிருக்கிறார். முதற்சுருளின் தூண்டலுக்கும், கணக்குக்கு இடைஞ்சல் வாராதவாறு, ஒரு பெரிய எண்ணை இட்டிருக்கிறார். 1 என்பது குறையே இல்லாத பிணைப்பு. அத்தகைய டிரான்ஸ்பார்மரை இதுவரை எவரும் கட்டியதில்லை. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. தன்னிடம் கூறப்பட்ட, உலகில் இல்லாத ஒரு பொருளைப் பற்றி அது உண்மையே உரைத்தது.

இனி, உண்மைப் பொருளைப் பற்றிக் கூறுவது எவ்வாறு? எல்லாம் அளவையில் இருக்கிறது. முதலில் சுருள் விகிதம். மணி டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து 12 வோல்ட் மாறுமின்னைப் பல சுற்றுள்ள முதற்சுருளுக்கு ஊட்டி, மறுபுறம் அளக்கவேண்டும். 0.48 வோல்ட் காட்டினால் விகிதம் 25. இதைத் தலைகீழாகச் செய்யற்க. ஒலிபெருக்கிப் பக்கம் 6 வோல்ட் ஊட்டினாலும் மறுபக்கம் 150 வோல்ட் எழுந்து கையைத் தாக்கும். அடுத்து, மல்ட்டிமீட்டரால் இரு சுருள்களின் கம்பித் தடையை அளந்து, அவற்றையும் வரைபடத்தில் சேர்க்கவேண்டும்.

மூன்றாவது, இரண்டாம் சுருளைத் திறந்துவைத்து முதற்சுருளின் தூண்டலை அளப்பது. தாழ்ந்த சுரங்களின் வாழ்வு இந்த எண்ணில்தான் அடங்கியுள்ளது. அது 10 ஹென்றியானால், 6வி6 வால்வோடு சேர்ந்து, வினாடிக்கு ஏறத்தாழ 72 அதிர்வுள்ள ஒலியில் திறன் பாதியாகிவிடும். தொப்பி ஒலிக்கு இது ஒருவாறு போதும். 3 ஹென்றியாகச் சுருங்கினாலோ அந்த எல்லை 240 அதிர்வுக்கு ஏறிவிடும். பின்னர் மிருதங்கம் எங்ஙனம் கேட்கும்?

நான்காவது, இரண்டாம் சுருளின் முனைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டு, முதற்சுருளை மீண்டும் அளப்பது. பிணைப்பு முழுமையாயின் தூண்டல் ஏதும் காட்டாது. எஞ்சிக் காட்டுவது கசிவு. ஒரு சுருளிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேராத காந்தம். 10 ஹென்றிச் சுருளில் 20 மில்லிஹென்றி கசிந்தால் பிணைப்பு எண் 0.999. ஆயிரத்தில் ஒன்றுதானே குறைவு என்று எண்ணலாகாது. வினாடிக்கு 10,000 அதிர்வில் அச்சிறு கசிவு ஏறத்தாழ 1257 ஓமாக எழுந்து, 5000 ஓமுக்கு எதிரே கால் பங்கு நிற்கிறது. 0.99 என எழுதினாலோ அதுவே பத்து மடங்கு. அந்த எண்ணில் புள்ளிக்குப் பின் வரும் ஒவ்வொரு இலக்கமும் அளந்து எழுதவேண்டியது; ஊகித்து எழுதுவதன்று. சுருள்களுக்கிடையே உள்ள மின்தேக்கத்தையும் ஒரு சிறு கண்டென்சராக வரைபடத்தில் சேர்த்துவிட்டால் மேற்சுரங்களின் கதை ஓரளவு முடிந்தது.

ஊளையின் காரணம் இப்போது விளங்கும். பின்னூட்டம் என்பது ஒலிபெருக்கிக்குச் செல்வதில் சிறிதளவைத் திருப்பி முன்னே கொண்டுவந்து, பிழையைக் கழிப்பது. கசிவும் மின்தேக்கமும் சேர்ந்து மேற்சுரங்களைத் தாமதிக்கச் செய்கின்றன. ஏதோ ஓர் அதிர்வில் அத்தாமதம் அளவை மீறிப்போக, கழிக்க வந்தது கூட்டத் தொடங்கிவிடுகிறது. 1947-இல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்பவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஒலிபெருக்கிச் சுற்றின் பெருமையும் இவ்விடத்திலேயே உள்ளது. டிரான்ஸ்பார்மரையும் உள்ளடக்கிப் பின்னூட்டம் இடவேண்டி, அவர் டிரான்ஸ்பார்மருக்கு மிகக் கடுமையான அளவுகளை விதித்தார். சுருள்களைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒன்றினிடையே ஒன்றாகக் கட்டச் செய்தார். எளிய ரேடியோவுக்கு அவ்வளவு வேண்டாம். முதலில் இரண்டாம் சுருளின் இரு முனைகளையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். திசை மாறியிருந்ததே காரணமாயின் ஊளை நின்றுவிடும். நில்லாவிடில் பின்னூட்டத்தைக் குறைக்கவேண்டியதுதான். எவ்வளவு குறைப்பது என்பதை, கசிவை அளந்து எழுதியபின் கணிப்பொறியே காட்டும்.

கரகரப்பு வேறு கதை. நம் கருத்தில் அன்பரின் ரேடியோவுக்கு நேர்ந்த முதன்மையான கேடு இதுவே. ஒற்றை வால்வுச் சுற்றில் 45 மில்லி ஆம்பியர் அளவுள்ள நேர்மின்னோட்டம் முதற்சுருள் வழியாக ஓயாது ஓடுகிறது. ஒலியே இல்லாதபோதும் இரும்பு ஒருபுறமாகக் காந்தமேறி நிற்கிறது. இடைவெளி இல்லாத இரும்பு விரைவில் நிறைந்துபோய், மேலும் காந்தம் ஏற்க மறுக்கிறது. 10 ஹென்றி 3 ஹென்றியாவது இவ்வாறுதான். இரட்டை வால்வுச் சுற்றில் இரு பக்க மின்னோட்டமும் எதிரெதிராய் ஓடித் தம்முள் கழிந்துவிடுவதால் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

நம் ஊர்களில் காயில் கட்டுவோர் நாள்தோறும் கட்டுவது மின்சார டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும். அவற்றின் பழக்கத்தில், ஈ, ஐ எழுத்து வடிவான ஸ்டாம்பிங் தகடுகளை இப்பக்கம் ஒன்றும் அப்பக்கம் ஒன்றுமாக மாற்றி மாற்றிச் செருகுவர். மின்சார டிரான்ஸ்பார்மருக்கு அதுவே முறை. ஒற்றை வால்வுக்கோ ஈ வடிவத் தகடுகள் அனைத்தும் ஒரே பக்கமும், ஐ வடிவத் தகடுகள் அனைத்தும் எதிர்ப்பக்கமும் நிற்க, நடுவே மெல்லிய தாள் ஒன்று இருத்தல் வேண்டும். அத்தாளே இரும்பு நிறைந்துபோகாமல் காக்கும் காவல். கட்டியவரைக் குறை கூறல் முறையன்று. இன்னதற்கு என்று அவரிடம் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நன்மை என்னவென்றால், சுருளை அவிழ்க்கத் தேவையே இல்லை. தகடுகளை உருவி, முறை மாற்றி அடுக்கி, எழுதுதாள் ஒன்றின் கனத்தில் இடைவெளி விட்டு இறுக்கினால் போதும்.

இதனையும் கணிப்பொறிக்குக் கூறலாம். எல்.டி.ஸ்பைஸில், ஜான் சான் முதலியோர் 1991-இல் வெளியிட்ட முறைப்படி, இரும்பின் குணத்தை எழுத வழியுண்டு. இரும்பு நிறையும் அளவு, அதன் குறுக்குப் பரப்பு, காந்தம் செல்லும் பாதையின் நீளம், இடைவெளி, சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அது கேட்கும். இத்தகைய சுருளைக் குறையற்ற டிரான்ஸ்பார்மர் ஒன்றின் முதற்பக்கத்துக்கு இணையாக இட்டு, கசிவையும் கம்பித் தடையையும் தனியே சேர்ப்பது தெளிவான வழி. ஒரு நுட்பம் உண்டு: தாள் 0.1 மில்லிமீட்டராயின் இடைவெளியை 0.2 என எழுதவேண்டும். காந்தம் நடுக்கால் வழியே சென்று ஓரக்கால் வழியே திரும்புகையில் அத்தாளை இருமுறை கடக்கிறதல்லவா? தாளின் கனத்தை மாற்றி மாற்றி எழுதி, எங்கே தாழ்ந்த சுரம் நன்கு நிற்கிறது என்று மைந்தர் ஒரு மாலையில் கண்டுவிடலாம். கடையில் விற்கும் சிறு தூண்டல் அளவி நேர்மின்னோட்டம் ஊட்டாமல் அளப்பது. அதன் எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது.

எரிந்துபோன பழைய டிரான்ஸ்பார்மர் இன்னும் வீட்டில் இருக்குமாயின், அதனை எறியவேண்டாம் என்று அன்பரைக் கேட்டுக்கொள்கிறோம். பொறுமையாக அவிழ்த்து, சுற்றுகளை எண்ணி, எந்தச் சுருளின்மேல் எது இருந்தது, தாள் எத்தனை கனம் என்பவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. பெங்களூர்ப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் வால்வுகள் ஆக்கத் தொடங்கியது. அத்தகைய வால்வுகள் பழைய சரக்காக இன்றும் அங்கங்கே அகப்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட ரேடியோவுக்கென்று அமைந்த டிரான்ஸ்பார்மரோ அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. அக்குறிப்பேட்டை நமக்கும் ஒரு படி அனுப்பினால், அதே ரேடியோ வைத்திருக்கும் பிற அன்பர்களுக்காக இப்பகுதியில் வெளியிடுவோம்.

இறுதியாக, பெட்டியைத் திறக்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். சுவிட்சை அணைத்த பின்னும் பெரிய கண்டென்சர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். தக்க தடை ஒன்றின் வழியே அதனை வெளியேற்றி, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்கவேண்டும். மின்சார டிரான்ஸ்பார்மர் இல்லாத பழைய ரேடியோக்களில் தகரச் சட்டமே நேராக மின்கம்பியோடு தொடர்புற்றிருக்கும். அவற்றை ஆசிரியர் துணையின்றித் தொடுதல் கூடாது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வால்வுச் செட்டை ஓட்டற்க. சுமையிழந்த முதற்சுருளில் பேரழுத்தம் எழுந்து புதிய சுருளும் துளைபட்டுப் போகும். முதற்சுருள் அறுந்த செட்டையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிராதீர்கள். வால்வின் உள்ளே திரைக்கம்பி செந்நிறமாய்க் காய்வதைக் கண்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

சித்தூர் அன்பர் கேட்டிருக்கும் மைக் செட் குழாய்களுக்கான டிரான்ஸ்பார்மர் பற்றி அடுத்த திங்கள் எழுதுவோம்.