பயணச்சீட்டை விற்றபின் தண்டவாளத்தைப் பெயர்ப்பதா?



ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு நியாயம் தெரியும். வண்டி ரத்தானால், சீட்டு வாங்கியவருக்கு முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும். பயணி மீது தவறில்லை. ஆகவே நஷ்டமும் அவருடையது அல்ல. இது யாரும் போடும் பிச்சை அல்ல, விதி. ஆனால் கடல் கடந்து படிக்கப்போன நம் பிள்ளைகளிடம் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, பாதி வழியில் தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள். திருப்பிக் கொடுப்பாரும் இல்லை, ஏனென்று கேட்பாரும் இல்லை!

தாராவியிலிருந்து ஒரு தாய் நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, கணவர் அதைத் தெருத்தெருவாக விற்று, மகனைப் படிக்க வைத்த குடும்பம். 2022-இல் மகன் கனடாவுக்குப் போனான். திருநெல்வேலிப் பக்கத்து வயல் பாங்கில் அடமானம். "படிப்பு இரண்டு வருஷம், அப்புறம் வேலை மூன்று வருஷம், அதற்குள் நிரந்தரக் குடியுரிமை, கடன் தானாக அடைந்துவிடும்" என்றாராம் ஏஜெண்டு. மகன் படித்துத் தேறினான். இன்று ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அனுமதி முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். அந்தத் தாய் கேட்டார்: "அண்ணாச்சி, அவுக சட்டத்த மாத்திட்டாக. எங்க வயல யாரு மீட்டுத் தருவா?"

இந்தக் கேள்விக்கு ஒட்டாவாவில் பதில் உண்டா? டில்லியில் உண்டா?

முறை என்ன என்பதைப் புரிந்துகொள்வோம். கனடாவில் இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்தால், மூன்று ஆண்டு வரை யாரிடமும் வேலை செய்யலாம் என்ற அனுமதி கிடைக்கும். வாழ்நாளில் ஒரே முறைதான். அந்தக் காலத்துக்குள் தேர்ச்சி வேண்டிய தொழில் ஒன்றில் ஓராண்டு அனுபவம் பெற்று, நிரந்தர வாசத்துக்கு மனுப் போட வேண்டும். அந்த அனுபவத்துக்குச் சான்று எழுதித் தருபவர் முதலாளி. அனுமதிச் சீட்டில் முதலாளி பெயர் இல்லை. ஆனால் பிள்ளையின் குடுமி அவர் கையில்!

2024-இல் ஆட்டம் தொடங்கியது. ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். தனியார் பள்ளிகள் அரசுக் கல்லூரியின் பாடத்தை வாங்கி நடத்தும் படிப்பில், மே 15 முதல் சேர்ந்தவர்களுக்கு வேலை அனுமதியே கிடையாது என்றார்கள். நவம்பர் 1 முதல் வேலை அனுமதி கேட்பவர்கள் மொழித் தேர்வுச் சான்றும் காட்ட வேண்டும் என்றார்கள். 2025-இல் 5,00,000 பேருக்கு நிரந்தர வாசம் என்று போட்டிருந்த திட்டத்தை 3,95,000 ஆகக் குறைத்தார்கள். 2025 ஜூன் 25-இல் அனுமதிக்குரிய பட்டியலிலிருந்து 178 படிப்புகளை நீக்கினார்கள். ஜூலை 4-இல் திரும்பச் சேர்த்தார்கள். பத்து நாளில் மாறுவதற்குப் பெயர் சட்டமா, சந்தை விலையா?

பிரிட்டன் மட்டும் யோக்கியமா? 2012-இல் இந்த வாசலை மூடியது. 2021 ஜூலையில் இரண்டு ஆண்டு என்று திறந்தது. 2027 ஜனவரி 1 முதல் மனுச் செய்கிற பட்டதாரிகளுக்கு 18 மாதமாகச் சுருக்குகிறது. கட்டணம் வேண்டும்போது கதவு திறக்கும். ஓட்டு வேண்டும்போது மூடும்.

"வெளிநாட்டு மாணவர்களால் வீட்டு வாடகை ஏறிவிட்டது" என்பது அவர்கள் சொல்லும் காரணம். எங்கேயோ கேட்ட குரலாக இல்லையா? 1960-களின் பிற்பகுதியில் இதே பம்பாயில், வேலையைப் பறித்தவர்கள் மதராசிகள் என்று நம்மை நோக்கித்தானே கை நீட்டினார்கள்? உண்மை என்ன? 2019-இல் ஒன்டாரியோ மாகாண அரசு உள்ளூர் மாணவர் கட்டணத்தை 10 சதவீதம் வெட்டி, ஏறாமல் நிறுத்தியது. அந்தப் பள்ளத்தைக் கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணத்தால் நிரப்பின. ஆள் அழைத்தவர்கள் அவர்கள், வீடு கட்டாதவர்கள் அவர்கள், பழி மட்டும் நம் பிள்ளைகளுக்கு!

"யார் போகச் சொன்னது?" என்று நம்மவர்களிலும் சிலர் கேட்கிறார்கள். பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த நம் வாயில் இந்தக் கேள்வி வரலாமா? இந்திய மண்ணில் எங்கும் வசிக்கவும் தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு நமக்கு உரிமை தருகிறது. எல்லைக்கு அப்பால் அந்தக் கவசம் இல்லை. ஆகவே அங்கே போகிறவனுக்கு நம் துணை கூடுதலாக வேண்டும்.

இலங்கைத் தோட்டங்களில் நம் முன்னோரைக் கடனோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921-இல் சட்டப்படி ஒழிந்தது. இன்று துண்டு இல்லை, பாங்குப் பத்திரம் இருக்கிறது. கங்காணி இல்லை, ஏஜெண்டு இருக்கிறார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்து ஜாமீன் தொகை கட்ட வேண்டும். மாணவரை அனுப்புபவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. காரணம், அதன் கண்ணில் மாணவன் வேலைக்குப் போகிறவன் அல்ல! போலிச் சேர்க்கைக் கடிதத்தில் அனுப்பப்பட்ட பஞ்சாப் பிள்ளைகள் 2023-இல் நாடு கடத்தலை எதிர்நோக்கி நின்றதை மறந்தோமா? அவர்கள் அழுது கலையவில்லை. கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஏமாந்தவர்களை அனுப்பமாட்டோம், ஒவ்வொரு வழக்கையும் விசாரிப்போம் என்று அமைச்சர் அறிவிக்க வேண்டி வந்தது. கூடி நின்றால் ஒட்டாவாவும் அசையும்.

எனவே நாம் கோருகிறோம்:

சேர்ந்த நாளில் இருந்த விதியே படிப்பு முடிந்து அனுமதிக் காலம் தீரும் வரை அந்த மாணவனுக்குச் செல்ல வேண்டும். இதை இந்திய அரசு வாதாடிப் பெற வேண்டும்.

மாணவர் ஏஜெண்டுகளையும் பதிவு, ஜாமீன், தண்டனைக்குள் கொண்டுவர வேண்டும்.

அயல்நாட்டு விதி மாற்றத்தால் வேலை இழந்தவரின் கல்விக் கடன் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும். வட்டி ஏறுவதை நிறுத்த வேண்டும். அடமான வீட்டையும் நிலத்தையும் ஏலம் போடக் கூடாது.

பெற்றோரே, அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். ஏஜெண்டு வாய்ச்சொல்லை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் வேலை அனுமதி உண்டா என்று அந்நாட்டு அரசின் பட்டியலிலேயே பாருங்கள். சேர்க்கைக் கடிதம் மெய்யா என்று கல்லூரிக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் வெட்கம் வேண்டாம். ஞாயிறு காலை சங்கத்துக்குக் காகிதங்களோடு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

பிள்ளைகள் போகட்டும், படிக்கட்டும், உயரட்டும். ஆனால் அந்தத் தாயின் வயல் ஏலத்துக்குப் போகும் நாள் வருமானால், ஏலம் நடக்கும் இடத்தில் அவர் தனியாக நிற்கக் கூடாது. நாம் நிற்போம்.