சுற்றும் முன் சொல்லுங்கள்



கோடையில் மகளோடு லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸ் போயிருந்தேன். பேராலயச் சதுக்கத்தில் ஒரு தரைக்கல். அதன்மேல் நின்று சுற்றினால் நினைத்தது நடக்குமாம். எல்லோரும் சுற்றினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். வரலாறு சொல்லிக்கொடுத்த நானும் ஏன் எதற்கு என்று கேட்காமல் சுற்றினேன். வெட்கம்தான்.

1939 ஆகஸ்ட் 23-ல் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத்தும் இந்த நாடுகளை ரகசியமாகப் பங்கு போட்டன. ஐம்பது ஆண்டு கழித்து அதே தேதியில், தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை சுமார் 20 லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். அந்தச் சங்கிலியின் முனைதான் இந்தக் கல். 1990 மார்ச்சில் லிதுவேனியா விடுதலையை அறிவித்தது.

அவர்களுக்குச் சுற்றியதால் கிடைக்கவில்லை. சேர்ந்து நின்றதால் கிடைத்தது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் சுற்ற விடுங்கள். சொல்ல நேரமில்லை என்றால், படம் எடுக்க மட்டும் எப்படி நேரம் வருகிறது?