தெருமுனைக் கடையை இழக்கலாமா?

தமிழர்கள் வெளியூரில் குடியேறினால் முதலில் எதைத் தேடுகிறார்கள்? கோயில் என்பார் சிலர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பார் சிலர். தமிழ்ச் சங்கம் என்பார் நம் செயலாளர். என்னைக் கேட்டால் மளிகைக் கடை என்பேன். சாமியை மனத்தில் கும்பிட்டுக்கொள்ளலாம். நான்கு பேர் சேர்ந்த பிறகு சங்கம் தொடங்கலாம். நாளைக்கு மாவு அரைக்க வேண்டுமானால் இட்லி அரிசி இன்றைக்கே வேண்டுமே!

மாட்டுங்காவில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனை 1915-இல் வந்தது. சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி 1932-இல் பிறந்தது. இந்த ஆண்டுகளை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்த வேலைக்கும் படிப்புக்கும் வந்த குடும்பங்களுக்கு நல்லெண்ணெயும் பெருங்காயமும் காப்பிக்கொட்டையும் கொடுத்த கடைகளுக்குக் கல்வெட்டு கிடையாது. நம்மவர்கள் மாட்டுங்காவிலிருந்து செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று ரயில் பாதையை ஒட்டியே பரவியபோது கடைகளும் கூடவே வந்தன.

கடைக்காரர்கள் எல்லாரும் தமிழர்கள் அல்லர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சிகள் உண்டு, கேரளத்தவர் உண்டு, கட்ச் பகுதி குஜராத்தியரும் ராஜஸ்தானத்து மார்வாரிகளும் உண்டு. எங்கள் கட்டடத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர் கட்ச்காரர்தான். ஆனால் திருக்கார்த்திகைக்குப் பத்து நாள் முன்பே, "மாமி, இந்த வருஷம் நெல்பொரி எவ்வளவு?" என்று தமிழில் கேட்பார். நம் பண்டிகைகளை நம் பேரப்பிள்ளைகளைவிட அவர் நன்றாக அறிவார்.

பொருள் விற்பது இந்தக் கடைகளின் பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு அவர்கள் பில் போடுவதில்லை. ஊருக்குப் போகிறவர் வீட்டுச் சாவியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆள் இல்லாத வீட்டுக்கு வரும் கூரியரைக் கடைக்காரர் வாங்கி வைக்கிறார். எந்த வீடு வாடகைக்குக் காலியாகிறது, வேலைக்கு வரும் அம்மாள் எந்த நேரத்தில் ஒழிவாக இருக்கிறார், டாக்டர் இன்றைக்கு வருவாரா மாட்டாரா என்பதெல்லாம் அங்கே விசாரித்தால் தெரியும். நம் சங்கத்து நாடகத்துக்கு நோட்டீஸ் ஒட்டுவது எங்கே? டிக்கெட் கொடுத்து வைப்பது எங்கே? கடை வாசலில் கிடக்கும் மரப் பலகையில் மாலை நேரத்தில் உட்கார்ந்தால், பென்ஷன் கணக்கு முதல் கிரிக்கெட் வரை பேசாத விஷயம் இல்லை. தமிழர், மராட்டியர், குஜராத்தியர், உத்தரப் பிரதேசத்து ஆட்டோக்காரர் எல்லாருக்கும் அது பொது இடம். உறுப்பினர் சந்தா கிடையாது.

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் அன்று. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் 1961-இல் நகரங்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற நூல் எழுதினார். நியூயார்க்கில் தாம் குடியிருந்த தெருவில், தாங்கள் இல்லாத நேரத்தில் வரும் விருந்தாளிக்காக வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவைக்கும் வழக்கத்தை அதில் விவரித்திருக்கிறார். சாவி கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கை. ஆனால் வீட்டு விஷயத்தில் தலையிடாத பழக்கம். இந்த இரண்டும் சேர்ந்த உறவு ஒரே நாளில் உண்டாகிவிடாது.

இந்த உறவின் மதிப்பு ஆபத்துக் காலத்தில்தான் தெரியும். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நான் பாதையில் வேலையாக இருந்தேன். இரண்டு நாள் வீடு திரும்பவில்லை. எங்கள் கடைக்காரர் மெழுகுவர்த்தி, பால் பவுடர், ரொட்டி எல்லாவற்றையும் வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்துக் கொடுத்தார். பணம் கேட்கவில்லை; நோட்டில் எழுதிக்கொண்டார். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, புழக்கத்தில் இருந்த நோட்டுகளில் மதிப்பின்படி 86 சதவீதம் செல்லாது என்று ஆனபோதும் அதே பற்று நோட்டுதான் பல வீடுகளில் அடுப்பு எரியச் செய்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்ததும், வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பெரிய நிறுவனங்கள் முதல் சில நாட்கள் திணறின. தெருமுனைக் கடை பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக வசிக்கிறார். மகன் வெளிநாட்டில். தினமும் காலை ஆறரை மணிக்குக் கடைக்கு வந்து அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போவார். ஒரு நாள் ஏழரை மணி ஆகியும் அவரைக் காணோம். கடைக்காரர் பையனை அனுப்பினார். மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. மாற்றுச் சாவி கடையில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திறந்து பார்த்தால், பெரியவர் குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. இன்று கைத்தடியோடு நடக்கிறார். அவர் அரை லிட்டர் பாலுக்காகக் கடைக்குப் போகிறார் என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம்.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவன். பாதையில் கீமேன் என்று ஒருவர் உண்டு. சுத்தியல், ஸ்பானர், கொடி சகிதம் தம் பகுதிப் பாதையைத் தினமும் நடந்தே பார்ப்பார். தளர்ந்ததை இறுக்குவார். தண்டவாளம் முறிந்திருந்தால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார். தண்டவாளத்தின் உள்ளே இருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் கருவி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கருவி வந்துவிட்டதே என்று கீமேனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கருவி குறித்த நாளில் வரும். கீமேன் தினமும் வருவார். நேற்று இருந்தது இன்று இல்லை என்பதைத் தினமும் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். தெருமுனைக் கடைக்காரர் நம் தெருவின் கீமேன்.

அந்தக் கடைகளுக்கு இப்போது இரண்டு பக்கமும் இடி. ஒன்று, கைப்பேசியில் தட்டினால் பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவரும் ஏற்பாடு. 2021-க்குப் பிறகு இது மும்பையில் வேகமாகப் பரவியது. அந்தச் சாமான்கள் வரும் இடத்தை 'டார்க் ஸ்டோர்' என்கிறார்கள். வாடிக்கையாளர் காலெடுத்து வைக்க முடியாத கிடங்கு அது. அங்கே பலகை போட்டு உட்கார முடியாது. வேர்க்க விறுவிறுக்க மோட்டார் சைக்கிளில் வரும் பையனுக்கு நம் பெயரைக் கேட்கவும் நேரம் கிடையாது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் பிழைப்பு அப்படி.

இரண்டாவது, மறுகட்டுமானம். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் முலுண்டிலும் பழைய மூன்று மாடிக் கட்டடங்களை இடித்து உயர்ந்த கோபுரங்கள் கட்டுகிறார்கள். பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்து நான்கு கடைகள் இருந்தன. புதியதில் தெருவைப் பார்த்து இருப்பது மதில்சுவரும் காவலாளி அறையும். அதற்கு மேலே கார் நிறுத்தும் தளங்கள். லீவ் அண்ட் லைசென்ஸ் முறையில் கடை வைத்திருப்பவர் வேறு தெரு தேடிப் போக வேண்டியதுதான். கட்டி முடிக்கும் சில வருடங்களில் அவர் வாடிக்கையும் கலைந்துவிடும்.

மறுதரப்பு நியாயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கடையில் விலை குறைவு என்பது பல சாமான்களில் உண்மை. கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்தை, தெருமுனைக் கடைக்காரருக்காக அதிகம் கொடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. தேதி முடிந்த பிஸ்கட்டைத் தலையில் கட்டும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். கடை வாசலில் வம்புப் பேச்சும் உண்டு. யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள் என்று கணக்கெடுக்கும் ஆசாமிகளை நம் இளைய தலைமுறை வெறுப்பது நியாயமே. மூட்டு வலிக்காரர்களுக்குப் பொருள் வீடு தேடி வருவது பெரிய உபகாரம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். போன் செய்தால் சாமானை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைத் தெருமுனைக் கடைகள் எந்தச் செயலியும் வருவதற்கு முன்பே வைத்திருந்தன. க்யூஆர் அட்டையையும் அவர்கள் எப்போதோ மாட்டிவிட்டார்கள்.

எங்கள் கடைக்காரரிடம் வியாபாரம் எப்படி என்று சமீபத்தில் கேட்டேன். "எண்ணெய், சோப்பு, ஆட்டா எல்லாம் மொபைலில் வருது சார். நம்மகிட்ட வர்றது ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கொத்தமல்லிக் கட்டு" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எலுமிச்சம்பழம் விற்றுக் கடை வாடகை கட்ட முடியுமா? அவசரத்துக்கு மட்டும் நாம் போகும் கடை, நாளைய அவசரத்துக்கு இருக்காது. அவருடைய மகன் கல்லூரியில் படிக்கிறான். தினம் பதினைந்து மணி நேரம் கல்லாவில் உட்கார அவனுக்கு ஒரு காரணமாவது நாம் கொடுக்க வேண்டாமா?

ஆகவே உறுப்பினர்களுக்கு என் யோசனைகள் மூன்று. முதலாவது, மாதச் சாமான் பட்டியலில் முடிந்த ஒரு பகுதியை, அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற ஒழுங்கான சாமான்களாகவே, தெருமுனைக் கடைக்கு ஒதுக்குங்கள். மூன்றில் ஒன்றாக இருந்தாலும் போதும். இரண்டாவது, பற்று வைத்திருப்பவர்கள் முதல் வாரத்திலேயே கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அவரும் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட வேண்டியவர். மூன்றாவதுதான் மிக முக்கியம். உங்கள் சொசைட்டியில் மறுகட்டுமானத்துக்குச் சிறப்புப் பொதுக்குழு கூடும்போது, கூடுதலாக எத்தனை சதுர அடி கிடைக்கும், எத்தனை கார் நிறுத்தலாம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தெருவைப் பார்த்த கடைகள் வரைபடத்தில் எங்கே என்று கேளுங்கள். பழைய கடைக்காரருக்குக் கட்டுமானக் காலத்தில் என்ன ஏற்பாடு, திரும்பி வர உரிமை உண்டா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பில்டர் காது கொடுக்க மாட்டார். வரைபடம் தாளில் இருக்கும்போது ஒரு கோட்டை மாற்றுவது சுலபம். கான்கிரீட் போட்ட பிறகு முடியாது. இது பாதை போட்டவனின் அனுபவம்.

நம் பிள்ளைகள் புனேயிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நம்மில் பலர் இரண்டு பேராகவும், சிலர் ஒருவராகவும் இந்த ஊரில் வயதாகிக்கொண்டிருக்கிறோம். ஏழரை மணி ஆகியும் நம்மைக் காணோமே என்று கேட்க ஓர் ஆள் தெருவில் வேண்டும். அந்த ஆளுக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை. அரிசியும் பருப்பும் வாங்கினால் போதும் என்கிறார். இதைவிட மலிவாக வேறெங்கே கிடைக்கும்?